கூலியும் முறையும்: அயலுடைமைத் தொழிற்சாலைகளில் ஊதிய நீதி குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

பிற நாட்டு நிறுவனங்களின் உடைமையாக இந்தியாவில் இயங்கும் தொழிற்சாலைகளில் உள்ளூர்த் தொழிலாளர் குறைந்த ஊதியம் பெறுகின்றனர், நேர்மையற்ற முறையில் நடத்தப்படுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை எழுந்துள்ளது. அதற்குச் சொல்லப்படும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காத ஊதியம் அங்குக் கிடைக்கின்றது. விரும்பாதவர் விலகிச் செல்லலாம் என்பதே அம்மறுமொழி. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலையில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போதும் இம்மறுமொழி கேட்டது. மாதம் ஏறத்தாழ 25,000 ரூபாய் பெறும் தொழிலாளர் மூன்றாண்டுகளில் அதனை 36,000 ரூபாயாக உயர்த்தக் கோருகின்றனர் என்று செய்திகள் தெரிவித்தன. நிறுவனமோ, தான் தரும் ஊதியம் அப்பகுதியில் ஒத்த பணியிலுள்ளோர் பெறும் சராசரியைப் போல் 1.8 மடங்கு என்று கூறியது.

இருதரப்பினர் கூறியதும் உண்மையாகவே இருக்கலாம். அவ்வாறாயின் சிக்கல் கணக்கில் இல்லை, அறத்தில் உள்ளது. இருவரும் இசைந்து செய்துகொண்ட, இருவருக்கும் ஓரளவு பயன் தரும் ஓர் உடன்பாடு அநீதியாக இருத்தல் கூடுமா? கூடுமெனின் அவ்வநீதி யாரைச் சாரும்? இவ்விரு வினாக்களையும் தமிழ் அறமரபு வழங்கும் கருத்துகளின் துணையோடும், இந்தியத் தொழிற்சாலைகளில் நிகழ்ந்த சில நிகழ்வுகளின் துணையோடும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் தரும் அளவுகோல்

உழைப்பிற்குப் பெறுவதனைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் கூலி, ஊதியம் என்பன குறிப்பிடத்தக்கவை. கூலி என்னும் சொல் திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. உடலை வருத்தி உழைத்த உழைப்பிற்கு உரிய பயன் என்னும் பொருளில் அஃது அங்கு ஆளப்பட்டுள்ளது. அங்குக் கூலி யாரோ ஒருவர் மனமிரங்கி அளிக்கும் கொடையன்று. உழைப்பே ஈட்டித் தருவது. ஊதியம் என்னும் சொல்லோ குறளில் ஆதாயம், பேறு என்னும் பொருளது. அச்சொல்லே இன்று தொழிலாளி பெறும் சம்பளத்தைக் குறிக்கின்றது. ஆதாயம் ஒருவருக்கு, சம்பளம் இன்னொருவருக்கு என்று பிரிந்து நிற்கும் இன்றைய உற்பத்தி முறையில் இப்பொருள் மாற்றம் சிந்தனைக்குரியது. ஒரு சொல்லின் வரலாற்றைக் கொண்டு ஒரு சமுதாயத்தின் அறக்கொள்கையை நிறுவிவிட இயலாது. ஆயினும் உழைப்பவர் பெறுவதும் உழைப்பால் விளைந்த ஆதாயமும் தொடர்புடையவை என்னும் எண்ணத்திற்கு மொழி இடமளிக்கின்றது எனலாம்.

மூன்றாவது சொல் முறை. ஒழுங்கு, நீதி, உறவு எனப் பல பொருள்களில் வழங்கும் இச்சொல்லிலிருந்து முறைசெய்தல், முறையிடுதல் என்னும் இரு வினைகள் பிறக்கின்றன. முன்னது நீதி வழங்குவது. பின்னது நீதி கேட்பது. கேட்பதற்கு இடமில்லாத நிலையில் வழங்குவது எவ்வாறு நிகழும் என்னும் வினா இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. மனுநீதிச் சோழன் வரலாற்றில் வரும் ஆராய்ச்சி மணி இதனைக் காட்சியாக்குகின்றது. கன்றை இழந்த பசுவும் அம்மணியை அசைக்க முடிந்தது என்பதே அக்கதையின் உயிர்ப்பகுதி. அரசனின் நேர்மை எத்துணைப் பெரிதாயினும், மணியின் கயிறு பசுவின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டப்பட்டிருந்தால் அந்நேர்மை வெளிப்பட்டிராது.

எனவே ஊதிய நீதியை அளக்க இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. உழைப்பிற்கு உரியது கொடுக்கப்படுகின்றதா என்பது ஒன்று. கொடுக்கப்படாதபோது கேட்பதற்கு இடம் உண்டா என்பது மற்றொன்று.

இசைவு என்னும் வாதம்

தொழிலாளி தானே விரும்பி வந்து ஒப்பமிட்டான். ஆகவே அவ்வூதியம் நேர்மையானது என்பது இசைவு வாதத்தின் சாரம். இதனை எளிதில் புறந்தள்ள இயலாது. நிலமற்ற குடும்பத்திலிருந்து ஆலைக்கு வரும் இளம்பெண் ஒருத்திக்கு அவ்வேலை உண்மையாகவே ஒரு விடுதலையாக அமைவதுண்டு. சொந்தக் கைப்பணம், திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் வலிமை, தம்பி தங்கையரின் படிப்பு ஆகியவை அவ்வூதியத்தால் வருகின்றன. ஆலை இல்லாதிருந்தால் அவள் நிலை இன்னும் தாழ்ந்திருக்கும் என்பதை மறுப்பது அவளுடைய பட்டறிவையே மறுப்பதாகும்.

ஆயினும், இல்லாமையைவிட மேலானது என்பதும் நேர்மையானது என்பதும் ஒன்றல்ல. பஞ்ச காலத்தில் சில மரக்கால் தானியத்திற்கு ஓர் உழவனின் நிலத்தை எழுதி வாங்கியவனை எடுத்துக்கொள்ளலாம். பத்திரம் செல்லுபடியானது. உழவன் தானே கைந்நாட்டு வைத்தான். அத்தானியம் கிடைத்திராவிடின் அவன் குடும்பம் மடிந்திருக்கும். இவை அனைத்தும் உண்மையாயினும் ஊரார் அவ்விலையை நியாயவிலை என்று ஏற்பதில்லை. பசியே அவ்விலையை நிர்ணயித்தது என்பதை அவர்கள் அறிவர். இசைவு என்பது ஒருவர் முன்னிருந்த வழிகளுள் இது மேலானது என்பதற்கு மட்டுமே சான்று. அவ்வழிகள் ஏன் அத்துணைக் குறுகியிருந்தன என்பதற்கும், அக்குறுக்கத்தை மற்றவர் ஆதாயமாக்கிக் கொள்ளலாமா என்பதற்கும் அது விடையாகாது.

இக்கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் மொழியில் உரைத்துள்ளது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் பணியாற்றிய தொழிலாளர் தொடர்பான வழக்கு அது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பின்படி, குறைந்தபட்ச ஊதியத்திற்கும் குறைவாகப் பெற்று உழைப்பது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பாகும். சவுக்கும் சங்கிலியும் மட்டுமே கட்டாயமல்ல. வேறு வழியின்றி நிற்கச் செய்யும் வறுமையும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு தரப்பட்ட அவ்வேலையில் இடைத்தரகர் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ள, தொழிலாளி கைக்கு 8 ரூபாய் 25 காசே சென்றது. அந்த ஒரு ரூபாய்க்கும் தொழிலாளி இசைந்தே நின்றான். அவ்விசைவு அதனை நேர்மையாக்கவில்லை.

அவ்வாறாயின் உரிய ஊதியத்தை எதனைக் கொண்டு அளப்பது? சுற்றுவட்டார ஊதியத்தோடு ஒப்பிடுதல் ஒரு முறை. மனிதத் தேவையைக் கொண்டு அளத்தல் மற்றொரு முறை. 1957ஆம் ஆண்டு கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பின்னதை ஏற்றது. ஒருவர் உழைப்பில் மூன்று நுகர்வலகு கொண்ட குடும்பம் வாழ வேண்டும். ஓர் அலகிற்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு வேண்டும். நால்வர் குடும்பத்திற்கு ஆண்டிற்கு 72 கெஜம் துணி வேண்டும். வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு ஆகியவற்றிற்கும் இடம் வேண்டும் என அம்மாநாடு வரையறுத்தது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றிற்கெனக் கூடுதலாக 25 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் சேர்த்தது. இவ்வளவுகோலில் பக்கத்து ஊரின் வறுமைக்கு இடமில்லை. அருகிலுள்ளோர் பட்டினி கிடப்பதால் ஒருவரின் பசி குறைந்துவிடுவதில்லை. வட்டாரச் சராசரியைப் போல் இத்தனை மடங்கு என்னும் மறுமொழி அறநோக்கில் போதாமல் போவது இவ்விடத்தில்தான்.

கைமாறும் பொறுப்பு

உள்நாட்டு முதலாளிகள் தரும் ஊதியம் பல இடங்களில் இதனினும் குறைவு என்று கூறப்படும். அஃது உண்மையே. ஆகவே அயலவர் என்பதனாலேயே ஓர் உடைமையாளரைக் குற்றவாளியாகக் கருதுவது அறமாகாது; நாட்டுப்பற்றின் பெயரால் உள்நாட்டுச் சுரண்டலை மறைக்கவும் அது துணைபோகும். அயலுடைமையில் சிறப்பாகத் தோன்றும் சிக்கல் தொலைவு. ஊதியத்தை முடிவுசெய்பவரும் அதனைப் பெறுபவரும் நேருக்கு நேர் நிற்பதில்லை. வணிகப் பெயருக்குரிய நிறுவனம் ஒரு நாட்டில்; பொருளைத் தொகுத்துத் தரும் நிறுவனம் வேறொரு நாட்டினது; ஆள் திரட்டித் தரும் ஒப்பந்தக்காரர் உள்ளூரில்; விடுதி நடத்துபவர் இன்னொருவர்; சோறு சமைத்து அனுப்புபவர் மற்றொருவர். இச்சங்கிலியில் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்ட இயலும்.

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்து நரசாபுராவில் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஆப்பிள் நிறுவனத்திற்குக் கைபேசி செய்து தந்த தைவான் நாட்டு விஸ்ட்ரான் ஆலையில், உரிய ஊதியம் வந்து சேரவில்லை என்னும் மனக்குறை கொண்ட தொழிலாளர் ஆலையைச் சேதப்படுத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வந்தவர்கள். சிலருக்கு ஊதியம் சரியாகவும் உரிய காலத்திலும் வழங்கப்படவில்லை என்று பின்னர் விஸ்ட்ரான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிள் அந்நிறுவனத்தைக் கண்காணிப்பு நிலையில் வைத்து, நிலைமை சீராகும் வரை புதிய பணிகள் வழங்குவதை நிறுத்தியது. அவ்வாலை 2023ஆம் ஆண்டில் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறியது. உடைமையாளர் மாறியதனாலேயே ஒப்பந்தத் தொழிலாளியின் வினா தீர்ந்துவிடுவதில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இருவர் இறந்துவிட்டனர் என்று வதந்தி பரவியது. பெண்கள் இரவோடிரவாகச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இருவரும் நலமாக உள்ளனர் என்பது பின்னரே அவர்களுக்குக் காட்டப்பட்டது. வதந்தியை நம்பியது அவர்களின் அறியாமை என்று சொல்லிவிடலாம். ஆனால் தம் தோழியர் உயிரோடு இருக்கின்றனரா என்பதை யாரிடம் சென்று கேட்பது என்று தெரியாத நிலையே வதந்திக்கு அத்துணை வலிமை தந்தது எனக் கொள்வதே பொருத்தம். தொழிலாளர் தங்கிய சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தம் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் அறிவித்து, அவ்வாலையையும் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில் ஆலை மீண்டும் இயங்கியது.

இவ்விரு நிகழ்வுகளும் ஓர் உண்மையை வெளிப்படுத்துகின்றன. தொலைவிலுள்ள நிறுவனம் நினைத்தபோது தன் கட்டளையால் நிலைமையை மாற்ற முடிந்தது. மாற்றும் ஆற்றல் இருந்தது எனின் மாற்ற வேண்டிய பொறுப்பும் முன்பிருந்தே இருந்தது என்பதே அதன் பொருள். நெடுஞ்சாலை மறிக்கப்படும் வரை அவ்வாற்றல் உறங்கிக் கிடந்தது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இவ்விடத்தில் ஒளி தருகின்றது. கோவலன் கொலையில் பாண்டியனின் கை நேரடியாகப் படவில்லை. பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், வாளை வீசியவன் காவலன். பொறுப்பு பல கைகள் மாறிச் சென்ற ஒரு நிகழ்வு அது. பொற்கொல்லனைக் காட்டியோ காவலரைக் காட்டியோ மன்னன் தப்பித்துக்கொண்டிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. பிற நாட்டிலிருந்து வந்த, முன்பின் அறியாத பெண்ணொருத்தியை அவைக்குள் வரவிட்டான். அவள் வழக்கைக் கேட்டான். சிலம்பு உடைபட்டுச் சான்று வெளிப்பட்டதும் குற்றத்தைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டான். ஆணை எத்தனை கைகளைக் கடந்து சென்றாலும் ஆணையிட்டவனின் பொறுப்பு தேய்வதில்லை என்பது அக்காதை நிறுவும் அறம். மேற்சுட்டிய 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதனையே கூறுகின்றது. ஒப்பந்தக்காரர் செய்த தவறு என்று கைகட்டி நிற்க முதன்மை வேலையளிப்போருக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் அரசு அமைப்புகளிடம் தெளிவுபடுத்தியது.

முறையிடும் உரிமை

அயலுடைமை ஆலைகளில் எழுந்த பெரும் போராட்டங்கள் பலவற்றில் ஊதியத்தோடு, அல்லது ஊதியத்திற்கும் முன்னதாக, சங்கம் அமைக்கும் உரிமை முதன்மைக் கோரிக்கையாக அமைந்துள்ளது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடியில் ஆங்கிலேயரின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்றவர் வ.உ. சிதம்பரனார். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் வேலைநேரக் குறைப்பும் அப்போராட்டத்தால் கிட்டின. 1918 ஏப்ரலில் சென்னையில் ஆங்கிலேய நிறுவனமான பின்னியின் ஆலைத் தொழிலாளரை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதில் பி.பி. வாடியாவோடு இணைந்து உழைத்தவர் திரு.வி.க. நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை என்பது அத்தொழிலாளரின் தொடக்கக் குறைகளுள் ஒன்று. திருக்குறளுக்கு உரைவரைந்த இருவர் ஆலைவாயிலில் தொழிலாளரோடு நின்றனர் என்பது தமிழாய்வாளர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி. அறநூல் கற்பதும் கூலி கேட்பவரோடு நிற்பதும் அவர்களுக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை. பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் அமைப்பதே சட்டக் குற்றமாகக் கூடிய அந்நிலை 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தால் மாறியது.

சட்டம் மாறியும் ஆலைவாயில் எளிதில் திறக்கவில்லை. 2005 ஜூலை 25ஆம் நாள் ஹரியானா மாநிலம் குர்கானில் ஹோண்டா இருசக்கர வாகன ஆலைத் தொழிலாளர்மீது காவல்துறை நடத்திய தடியடியைத் தொலைக்காட்சிகள் நாடெங்கும் காட்டின. சங்கம் அமைத்ததைத் தொடர்ந்து எழுந்த பூசலே அதன் பின்னணி. அதே வட்டாரத்து மானேசரில், ஜப்பானின் சுசுகி நிறுவனம் பெரும்பான்மைப் பங்கு கொண்ட மாருதி ஆலையில், 2011ஆம் ஆண்டு தொழிலாளர் தமக்கெனத் தனிச் சங்கம் கேட்டனர். ஏழு நிமிடத் தேநீர் இடைவேளைக்குள் கழிப்பறைக்கும் சென்று திரும்ப வேண்டியுள்ளது என்பது அவர்களின் குறைகளுள் ஒன்று. 1918இல் உணவு இடைவேளை கேட்ட குரலுக்கும் இதற்கும் இடையில் 93 ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில், நன்னடத்தை உறுதிமொழியில் ஒப்பமிட்டாலன்றி உள்ளே விடமாட்டோம் என்று நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர் ஒரு மாதத்திற்கும் மேலாக வாயிலுக்கு வெளியே நின்றனர். பின்னர் அக்டோபரில், ஒப்பந்தத் தொழிலாளரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கோரி நிரந்தரத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். தம்மைவிடக் குறைந்த ஊதியத்தில் தம்மருகே அதே வேலையைச் செய்தவருக்காகத் தம் ஊதியத்தை இழக்க அவர்கள் முன்வந்தனர். இசைவும் தன்னலமும் மட்டுமே தொழிலாளியை இயக்குகின்றன என்னும் கருத்துக்கு இது வலுவான மறுப்பாகும்.

2012 ஜூலை 18ஆம் நாள் அவ்வாலையில் வன்முறை வெடித்து மனிதவளத் துறை அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அவ்வுயிரிழப்பை எந்தக் குறையும் நியாயப்படுத்தாது. கொல்லப்பட்டவரும் ஊதியம் பெற்று உழைத்த ஒருவரே. வழக்கில் 148 தொழிலாளர் சிறைப்பட்டனர். 2017 மார்ச்சில் அவர்களுள் 117 பேர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். 31 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு 13 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். விடுவிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்தவர்கள். வன்முறைக்கு முறையீட்டின் தோல்வி காரணமாகலாம், மன்னிப்பாகாது. முறையிடும் வழிகள் அடைபடும்போது நல்லவரும் அல்லவரும் ஒரே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகின்றனர் என்பதே அந்நிகழ்வு விட்டுச்சென்ற துயரம்.

சாம்சங் ஆலையில் ஊதியக் கோரிக்கைக்கு இணையாகச் சங்கத்தின் பதிவும் முதன்மை பெற்றது. நிறுவனத்தின் வணிகப் பெயரைச் சங்கத்தின் பெயரில் பயன்படுத்தலாகாது என்று மறுப்புத் தெரிவிக்கப்பட்டது. பொருளின்மீது அப்பெயரைப் பொறிக்கும் கைகள் தம் சங்கத்திற்கு அப்பெயரைச் சூட்ட இயலாதா என்னும் வினா அதனுள் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அச்சிக்கல், 2025 ஜனவரி 27ஆம் நாள் சங்கம் பதிவுபெற்றதில் முடிந்தது.

அரசின் இடம்

தொழிலாளியும் நிறுவனமும் மட்டுமே தரப்பினர் அல்லர். நிலம், மின்சாரம், வரிச்சலுகை ஆகியவற்றை அளித்து நிறுவனங்களை அழைப்பது அரசு. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும்போது தொழிலாளர் பாதுகாப்பும் சலுகைகளுள் ஒன்றாகிவிடும் இடர் உள்ளது. 2023ஆம் ஆண்டு கர்நாடகம் வேலைநாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க இடந்தரும் சட்டத்திருத்தம் செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் நிறைவேறிய அத்தகைய சட்டமுன்வரைவு, எதிர்ப்பினால் மே முதல்நாள் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஒரே நாளில் ஒரே வேலைக்கு எட்டு மணி நேரமா பன்னிரண்டு மணி நேரமா என்பது மாநில எல்லையைப் பொறுத்ததாக அமைவது நீதியின் இயல்புக்கு ஒவ்வாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இவ்வளவுகோலைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும்: தொழிலாளியின் கைக்கு மணியின் கயிற்றை அவை அருகில் கொணர்கின்றனவா, அகற்றுகின்றனவா என்பதே வினா.

அரசுக்கும் நிறுவனத்திற்கும் இடையே பூசல் எழும்போதும் தொழிலாளி வெளியாளாகவே நிற்கின்றான். 2006ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை வரி வழக்கில் சிக்கியது. 2014இல் அந்நிறுவனத்தின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல்நாள் ஆலை மூடப்பட்டது. இருபதுகளில் இருந்த ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்னும் பெயரில் வெளியேறினர். வழக்கு வரியைப் பற்றியது, இழப்பு தொழிலாளருடையது. விருப்ப ஓய்வு என்பதில் உள்ள விருப்பம், முன்பு கண்ட இசைவின் மற்றொரு வடிவமே.

ஒரு தடை

ஊதியம் உயர்ந்தால், சங்கம் வலுப்பெற்றால், நிறுவனங்கள் வேறு நாட்டிற்குச் சென்றுவிடும் என்பது எஞ்சி நிற்கும் தடை. இவ்வச்சம் கற்பனையன்று, நோக்கியாவின் மூடல் வேலையிழப்பின் கொடுமையைக் காட்டியுள்ளது. ஆயினும் இத்தடையை உற்று நோக்கினால், அது ஊதியம் நேர்மையானது என்று வாதிடவில்லை. நேர்மையைக் கேட்டால் தண்டனை கிடைக்கும் என்று எச்சரிக்கின்றது. எச்சரிக்கைக்கு அஞ்சிக் கேளாதிருப்பது உலகியல் அறிவாகலாம். அநீதியை நீதியென்று பெயரிட அஃது உரிமை தருவதில்லை. ஒருவர் கேட்டால் மற்றவருக்கு வேலை போகும் என்னும் நிலையை மாற்ற, எந்த மாநிலமும் எந்த நாடும் கீழிறங்கலாகாத பொதுவான அடித்தளம் தேவைப்படுகின்றது. குறைந்த விலையில் கருவியைக் கையிலேந்தும் நுகர்வோரும் அவ்விலைக்குள் அடங்கியிருப்பதை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்களாவர்.

முடிவுரை

அயலுடைமை ஆலைகள் வேலை தருகின்றன. அவ்வேலை பலரை வறுமையிலிருந்து மீட்டுள்ளது. இவ்வுண்மையை ஏற்றுக்கொண்ட பின்னரும், இசைவு மட்டுமே ஊதியத்தை நேர்மையாக்கிவிடாது என்பது மேற்கண்ட ஆய்வால் புலப்படுகின்றது. வட்டார வறுமையை அளவுகோலாகக் கொள்ளாமல் மனித வாழ்வின் தேவையை அளவுகோலாகக் கொள்ளும்போதே கூலி தன் பெயருக்கு உரியதாகின்றது. ஒப்பந்தங்களின் வழியே பொறுப்பு கைமாறினாலும் ஆணையிடும் ஆற்றலுடையோரிடமிருந்து அது நீங்குவதில்லை.

இவை இரண்டினும் அடிப்படையானது முறையிடும் உரிமை. எவ்வளவு ஊதியம் நேர்மையானது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு என்றும் இருக்கும். அதனைக் கேட்பதற்கு அஞ்ச வேண்டாத நிலை வேண்டும் என்பதில் வேறுபாட்டிற்கு இடமில்லை. கண்ணகியின் வழக்கை மன்னன் கேட்டதற்கு முன், வாயிலில் நின்ற காவலன் அவள் வருகையை உள்ளே சென்று அறிவித்தான். எளிய அப்பணி அன்று நிகழ்ந்திராவிடின் அவ்வவையில் நீதி பேசப்பட்டிருக்காது. இன்றைய ஆலைவாயில்களில் அப்பணியைச் செய்ய வேண்டியவை தொழிற்சங்கமும் தொழிலாளர் துறையும் நீதிமன்றமும் ஆகும். அவை தம் கடமையைச் செய்யும் இடத்திலேயே தொலைவில் இருப்பவரின் செவிக்கும் முறையீடு எட்டும்.